பக்கவாதத்துக்குப் பிறகு காலைச் சுழற்றி நடப்பவர் ஏன் விழுகிறார்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அப்பாவுக்கு 64 வயது. ஐந்து மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பலவீனமாகிவிட்டன. இப்போது வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடக்கிறார். ஆனால் இடது காலை நேராக முன்னால் எடுத்து வைக்காமல், வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டுச் சுழற்றி வைக்கிறார். இந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டார். நடையைத் திருத்தினால் விழுவது நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் ஏன் இப்படி நடக்கிறார் என்பது ஒன்று, ஏன் விழுகிறார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. என் அனுபவத்தில் பல நேரம் அப்படி இருப்பதில்லை.

நரம்பியல் மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் அன்றாட வேலை. ஆனால் உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, முழங்கால் எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்று கைவைத்துப் பார்க்காமல் சொல்வதெல்லாம் பொதுவான அறிவுதான். அவரை நேரில் பார்க்கிற பிசியோ இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அந்தச் சுழற்சி. ஒரு கால் தரையை விட்டு முன்னால் வரும்போது அது சற்று நேரம் மற்றக் காலைவிடக் குட்டையாக வேண்டும், இல்லாவிட்டால் நுனி தரையில் இடிக்கும். அதற்காகத்தான் இடுப்பு மடங்குகிறது, முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்குகிறது, கணுக்கால் பாதத்தை மேலே தூக்கிக்கொள்கிறது. இத்தனையும் ஒழுங்காக நடந்தும், ஆரோக்கியமான ஒருவரின் கால் நுனிக்கும் தரைக்கும் நடுவே மிகக் குறைவாக இருக்கிற நொடியில் கிடைக்கும் இடைவெளி ஒன்று, இரண்டு சென்டிமீட்டர்தான். பக்கவாதத்துக்குப் பிறகு பாதத்தைத் தூக்கும் தசை பலவீனமாகிறது. கெண்டைக்காலில் இறுக்கம் சேர்ந்து பாதத்தைக் கீழே இழுக்கிறது. தொடையின் முன்பக்கத் தசை வேண்டாத நேரத்தில் இறுகி முழங்காலை மடங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. கால் குட்டையாகவே இல்லை. அப்போது உடம்பு வேறு வழி தேடுகிறது. இடுப்பை ஒரு பக்கம் தூக்கும், அல்லது நல்ல காலின் நுனியில் எம்பும், அல்லது நீளமாகவே இருக்கிற காலை அரிவாள் வீசுவதுபோல் வெளியே சுற்றிக் கொண்டுவந்து வைக்கும். உங்கள் அப்பா செய்வது இந்த மூன்றாவது. அது அவர் உடம்பு விழாமல் இருப்பதற்காகக் கண்டுபிடித்த வழி.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருக்கு நடைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் இப்படித்தான் சுழற்றி நடந்தார். பார்க்க நன்றாக இல்லை என்பதால், "காலை நேராக வையுங்கள், நேராக வையுங்கள்" என்று சொல்லிச் சொல்லி வாரக்கணக்கில் பழக்கினேன். அவரும் சொன்னபடி நேராக வைத்தார். கணுக்கால் தூக்கவில்லை, முழங்கால் மடங்கவில்லை, கால் மட்டும் நேராக வந்தது. மூன்றாவது வாரம் நுனி தரையில் மாட்டி என் கண் முன்னாலேயே விழுந்தார். அவருக்குப் பெரிய அடி படவில்லை. அன்று நான் கற்றுக்கொண்டது இன்றும் என்னோடு இருக்கிறது: சுழற்றலுக்குக் காரணமான குறைக்கு ஏதாவது மாற்று கொடுக்காமல் சுழற்றலை மட்டும் எடுத்துவிடக் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் அன்பினால்தான் "நேரா வைங்கப்பா" என்று சொல்கிறார்கள். தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

அதற்காக எல்லா நடைக்கோணலும் ஆபத்தில்லாதது என்று சொல்லவில்லை. மூன்று விஷயங்களைக் கண்டால் நான் உடனே கவலைப்படுவேன். நடக்கும்போது செருப்பு தரையில் உரசும் சத்தம், குறிப்பாகக் களைத்த பிறகு அதிகமாகும் சத்தம். பழைய செருப்பை எடுத்து, பலவீனமான காலின் நுனி மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, எடை தாங்கும்போது முழங்கால் திடீரென்று தளர்ந்து மடங்குவது. மூன்றாவது, பாதம் உள்பக்கம் திரும்பி வெளி விளிம்பில் ஊன்றுவது. அது கணுக்காலைப் பிறழ வைக்கும். முழங்கால் பின்பக்கமாக வளைந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்வதையும் நிறையப் பேரிடம் பார்க்கலாம். அது வருடக்கணக்கில் முழங்காலைக் கெடுக்கும், வலி தரும். ஆனால் இன்று நாளை விழவைப்பதில் அதற்குப் பங்கு குறைவு. ஒரு காலின் எட்டு நீளமாகவும் இன்னொரு காலின் எட்டு குட்டையாகவும் இருப்பதுதான் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் படும். அந்த ஏற்றத்தாழ்வை மட்டும் வைத்து யார் விழுவார் என்று சொல்ல முடிவதில்லை. ஒரு எட்டுக்கும் அடுத்த எட்டுக்கும் நடுவே தாளம் தவறிக்கொண்டே இருப்பவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். கோணலாக இருந்தாலும் ஒவ்வொரு எட்டும் ஒரே மாதிரி விழுகிறவர் பெரும்பாலும் பத்திரமாகவே போய்ச் சேருகிறார்.

சரி, விழுவதைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை எவை? பக்கவாதத்துக்குப் பிறகு விழுவது அபூர்வமான விஷயம் இல்லை. பிரிட்டனில் 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 108 பேரில் 73 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுந்திருந்தார்கள். அமெரிக்காவில் 408 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2011இல் வெளிவந்த பெரிய ஆய்விலும் பாதிக்கும் மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். ஆகவே உங்கள் கவனக்குறைவால்தான் அப்பா விழுந்தார் என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் பலவீனமான பக்கமாகவே விழுகிறார்கள். அந்தப் பக்கத்துக் கை ஊன்றிக்கொள்ள நீளாது. எடை தாங்காமலும் அசையாமலும் இருப்பதால் அந்தப் பக்க எலும்பும் மெலிந்துபோகிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதால்தான் இடுப்பெலும்பு முறிவு அந்தப் பக்கத்திலேயே அதிகம் வருகிறது. எலும்பின் வலு பற்றி டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

எங்கே விழுகிறார்கள் என்பதும் ஓரளவு தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் வீட்டுக்குள், பழகிய இடத்தில். நேராக நடக்கும்போதும் விழுகிறார்கள்தான், ஆனால் திரும்பும்போது, உட்காரும்போது, எழும்போது, குளியலறையில் என்று ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் நொடிகளில் நிறைய விழுகிறார்கள். அதனால்தான் ஒருவரை மதிப்பிடும்போது அவர் எனக்கு நேராக நடந்து வருவதை நான் கொஞ்ச நேரம்தான் பார்ப்பேன். நாற்காலியை நெருங்கும் கடைசி மூன்று எட்டுகளைத்தான் கூர்ந்து பார்ப்பேன். இன்னும் ஒரு முழம் இருக்கும்போதே கையை நீட்டி நாற்காலியைப் பிடிக்கிறாரா? முழுதாகத் திரும்பாமல் பாதியிலேயே உட்காரப் பார்க்கிறாரா? திரும்பும்போது பலவீனமான கால் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் சுழல்கிறதா? உங்கள் அப்பா விழுந்த இரண்டு முறையும் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே முக்கியமான தகவல் அதுதான்.

அடுத்து, உங்கள் அப்பாவுக்கென்றே யோசிக்க வேண்டிய ஒன்று. அவருக்கு இடது பக்கம் பலவீனம். அப்படியென்றால் அநேகமாகப் பாதிப்பு மூளையின் வலது பாதியில். வலது பாதி பாதிக்கப்பட்ட சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவிவிடும். கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடது பக்கம் இருப்பதை மூளை கணக்கில் எடுக்காது. கதவைக் கடக்கும்போது இடது தோளை நிலையில் இடித்துக்கொள்கிறாரா? தட்டில் இடது பாதியில் இருப்பது அப்படியே மிச்சமாகிறதா? சட்டையின் இடது கையைப் போட மறக்கிறாரா? இடது பக்கம் நின்று பேசினால் வலது பக்கம் திரும்பிப் பதில் சொல்கிறாரா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால்கூட அவர் விழுவதற்குக் கால் மட்டும் காரணமாக இருக்காது. இதோடு இன்னொன்றும் சேர்ந்து வருவதுண்டு: தன் பலவீனம் தனக்கே முழுதாக உறைக்காமல் போவது. "எனக்கு ஒன்றுமில்லை, நானே போய்க்கொள்வேன்" என்று விறுவிறுவென எழுந்துவிடுவார்கள். வீட்டில் அதைப் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போடுவார்கள். அது மூளைக் காயத்தின் ஒரு விளைவு, அவரைக் கோபித்துப் பயனில்லை. பார்வைப் பரப்பில் ஒரு பாதி உண்மையாகவே தெரியாமல் போவது வேறு பிரச்சினை. அது இருப்பவர்கள் தெரியாத பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்கச் சீக்கிரம் பழகிவிடுவார்கள், கவனம் நழுவுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் எளிதில் வராது. இரண்டையும் பிரித்துச் சொல்லப் பரிசோதனைகள் இருக்கின்றன. செய்தார்களா என்று கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று பேச்சு. நடந்துகொண்டிருப்பவரிடம் சாதாரணமாக ஏதாவது கேட்கும்போது, பதில் சொல்ல அவர் நின்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள். நிற்கிறவருக்கு நடையே முழுக் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். 1997இல் ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பேச நின்றவர்கள் 12 பேர், அவர்களில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். கேட்கவே வியப்பாக இருக்கும். ஆனால் பக்கவாதம் வந்தவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது இந்தச் சோதனை அவ்வளவு துல்லியமாக அமையவில்லை. எனவே இதை ஓர் அறிகுறியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. அவர் நின்று பேசினால் நல்லது, நிற்கட்டும். நிற்காமல் பேசிக்கொண்டே தள்ளாடுகிறவர்தான் எனக்கு அதிகக் கவலை.

மருத்துவமனையில் எடுக்கிற அளவுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நடையின் வேகம் நல்ல அளவுகோல். வினாடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் பெரும்பாலும் வீட்டோடு நிற்கிற நடை, 0.4 முதல் 0.8 வரை வெளியே ஓரளவு போய்வரக்கூடிய நடை, 0.8க்கு மேலே என்றால் தாராளமாக வெளியே நடமாடலாம். இந்தப் பிரிவு 1995 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இது எவ்வளவு தூரம் நடமாட முடியும் என்பதைச் சொல்கிறது, விழுவாரா என்பதை அல்ல. சமநிலையை 56 மதிப்பெண்ணுக்கு அளக்கிற பெர்க் அளவுகோல், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார ஆகும் நேரம், இரண்டையும் நான் தினமும் பயன்படுத்துகிறேன். முன்னேற்றம் தெரிய அவை உதவும். ஆனால் ஒரே ஓர் எண்ணை வைத்து இவர் விழுவார், இவர் விழமாட்டார் என்று சொல்லும் சோதனை எதுவும் இல்லை. இருப்பவற்றில் எளிமையான முன்னறிவிப்பு, ஏற்கெனவே விழுந்திருக்கிறாரா என்பதுதான். உங்கள் அப்பா இரண்டு முறை விழுந்திருக்கிறார். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குடும்பத்தினர் பலரை வருத்தப்பட வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. நடை முன்னேறும்போது விழுவது சில நேரம் கூடும். படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தவர் எழுந்து நடக்கத் தொடங்கும்போது விழுவதற்கான வாய்ப்புகளும் அவரோடு எழுந்து வருகின்றன. நான் சொன்ன அமெரிக்க ஆய்விலும், நடை மிக மோசமாக இருந்தவர்களில், சீக்கிரமே ட்ரெட்மில் பயிற்சி தொடங்கியவர்கள் பல முறை விழுவது அதிகமாக இருந்தது. உடற்பயிற்சி விழுவதைக் குறைக்குமா என்று எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, மொத்தமாக விழும் எண்ணிக்கை குறையலாம் என்றது, ஆனால் ஒரு முறையாவது விழுகிற ஆட்களின் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை, கிடைத்த சான்றும் பலமானது இல்லை என்றது. நடைப்பயிற்சி நடையை மேம்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை. விழுவதையும் அதுவே தடுத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதற்குத் தனியாக வேலை செய்ய வேண்டும். அதற்காக நடக்காமல் உட்கார வைத்துவிடாதீர்கள். பயத்தில் நடையைக் குறைத்தவர்கள் சில மாதங்களில் இன்னும் பலவீனமாகி, எழுந்து நிற்கும்போதே விழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தனி வேலை என்ன என்று சொல்கிறேன். பாதம் தொங்கினால் கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் ஒன்றை பிசியோ அளந்து கொடுக்கலாம். நுனி தரையில் மாட்டுவது குறையும், சுழற்றலும் தானாகவே கொஞ்சம் சுருங்கும். நரம்பை மின்தூண்டலால் இயக்கிப் பாதத்தைத் தூக்க வைக்கும் கருவிகளும் உண்டு, 1961இலிருந்தே அந்த முறை இருக்கிறது, சிலருக்கு நன்றாகப் பொருந்தும். இறுக்கம்தான் முக்கியக் காரணம் என்றால் போட்டுலினம் ஊசி இறுக்கத்தைக் குறைக்கும், ஆனால் ஊசி மட்டும் நடையின் வேகத்தைப் பெரிதாக மாற்றிவிடாது. ஊன்றுகோல் தேவைப்பட்டால் அது நல்ல கையில், உங்கள் அப்பாவுக்கு வலது கையில் இருக்க வேண்டும். திரும்புவதை ஒரு பாடமாகவே பழக்குங்கள்: ஒரே காலில் சுழலாமல், சின்னச் சின்ன எட்டுகளாக அகலமாக வளைந்து திரும்புவது, நாற்காலியின் விளிம்பு இரண்டு காலின் பின்பக்கத்திலும் பட்ட பிறகே உட்காருவது. பின்பட்டை இல்லாத செருப்பு வேண்டாம். இரவில் படுக்கையிலிருந்து கழிவறைவரை வெளிச்சம் இருக்கட்டும்.

மாத்திரைகளையும் பாருங்கள். தூக்க மாத்திரை, இறுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாமே தடுமாற வைக்கக்கூடும். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டர் அதைக் கவனிக்க வேண்டும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், அது மறுபடி பக்கவாதம் வரவும் வழிவகுக்கும்.

நடக்கும்போது துணைக்குப் போகிறவர் பலவீனமான பக்கத்தில், அரை எட்டுப் பின்னால் இருக்க வேண்டும். தடுமாறினால் இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டைப் பிடித்து வைக்கத் தசையில் வலு இல்லை, ஒரு இழுப்பில் மூட்டு நழுவி மாதக்கணக்கில் வலிக்கலாம். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்வது நல்லது. அப்புறம், விழுந்தபின் தரையிலிருந்து எழுவதையும் பிசியோவிடம் சொல்லிப் பழக்க வையுங்கள். அடிபடாமல் விழுந்தவர்கள்கூட எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடப்பதுண்டு. எழத் தெரிந்தவருக்குப் பயமும் குறைகிறது. விழுந்து தலையில் அடிபட்டால், அவர் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கால் ஊன்ற முடியாமல் இடுப்பு வலித்தாலும் அப்படியே. திடீரென்று பலவீனம் கூடினாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ அதை விழுந்ததன் விளைவு என்று நினைக்காதீர்கள், அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம்.

ஐந்து மாதம் ஆகிவிட்டதே, இனி முன்னேற்றம் இருக்குமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். டென்மார்க்கில் 1995இல் வந்த ஆய்வு, பெரும்பாலோர் முதல் 11 வாரங்களுக்குள்ளேயே தங்கள் நடையின் சிறந்த நிலையை அடைந்துவிடுகிறார்கள் என்றது. அதை வைத்து, மூன்று மாதத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அந்த 408 பேர் ஆய்வில் ஆறாவது மாதத்தில்தான் ட்ரெட்மில் பயிற்சி தொடங்கியவர்களும் வருட முடிவில் மற்றவர்களுக்கு இணையாக வந்திருந்தார்கள். மொத்தத்தில் 52 சதவீதம் பேரின் நடைத்திறன் முன்னேறியது. வீட்டிலேயே பிசியோ வந்து கொடுத்த சாதாரணப் பயிற்சியும், உடல் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிப் பிடித்து நடக்க வைக்கும் ட்ரெட்மில்லும் கடைசியில் ஒரே பலனைத்தான் தந்தன. விலையுயர்ந்த கருவி இருக்கிற இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அந்த இரண்டு முறையும் நேரம், இடம், எந்தப் பக்கம் விழுந்தார், அதற்கு முந்தைய நொடி என்ன செய்துகொண்டிருந்தார் என்று நினைவிருக்கும்வரை எழுதி வையுங்கள். பிறகு போனில் மூன்று வீடியோக்கள் எடுங்கள்: நாற்காலியிலிருந்து எழுவது, நடந்துபோய்த் திரும்புவது, மறுபடி வந்து உட்காருவது. பாதம் முழுதாகத் தெரிய வேண்டும். எடுக்கிறவர் தனி, அப்பாவோடு நிற்கிறவர் தனி. காலையில் ஒரு முறையும் மாலையில் அவர் களைத்திருக்கும்போது ஒரு முறையும் எடுத்து, இரண்டையும் பிசியோவிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் மதிப்பிடும்போது எல்லோரும் தங்களால் முடிந்த மிக நல்ல நடையைத்தான் நடந்து காட்டுகிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கழிவறைக்குப் போகும் நடையை உங்கள் பிசியோ இன்னும் பார்த்திருக்க மாட்டார்.